கூடாரத்திலிருந்து கூரைக்கு

1947ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள். அன்று தீபாவளி. காந்தியடிகள் டில்லி வானொலி நிலையத்துக்கு வந்து ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தார். நம் வானொலி நிலையத்துக்குள் அவர் அடியெடுத்து வைத்தது அந்த ஒரு முறைதான். டில்லிக்கு வடக்கே குருக்ஷேத்திரத்தில் இரண்டரை லட்சம் பேர் கூடாரங்களில் இருந்தார்கள். அவர்களை நேரில் காண முடியாமையால், தம் குரலையேனும் அவர்களிடம் அனுப்ப அவர் இசைந்தார். பண்டிகை நாளில் வீட்டில் விளக்கேற்ற வேண்டிய மக்கள், வீடே இல்லாமல் மைதானத்தில் கூடி அக்குரலைக் கேட்டார்கள்.

அந்தக் கூடாரங்களின் கதையைத்தான் நாம் இங்கே சொல்ல முற்படுகிறோம். பிரிவினையின் கொடுமைகளைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். வெட்டும் தீயும் இரயில் வண்டிகளும் நம் நினைவில் பதிந்துவிட்டன. ஆனால், வந்து சேர்ந்தவர்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள், மறு மாதம் எங்கே இருந்தார்கள், பத்தாண்டு கழித்து எந்தக் கூரையின் கீழ் இருந்தார்கள், அதற்கான பணம் யார் கையிலிருந்து வந்தது என்பவற்றை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. வீடிழந்தவனுக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவே ஓர் இடைக்காலம் உண்டு. அந்த இடைக்காலத்தை நடத்துவதே இராஜ்யங்களுக்குக் கடினமான காரியம்.

நம் நாட்டில் வழிப்போக்கனுக்கு இடம் தருவது புதிய தருமமன்று. தெற்கே சத்திரம் என்போம். வடக்கே தர்மசாலை, சராய் என்பார்கள். அரசர்களும் செல்வர்களும் நிலம் எழுதி வைப்பார்கள். அந்த நிலத்தின் வருவாயில் அடுப்பு எரியும். ஆனால் சத்திரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: வந்தவன் ஓரிரு நாளில் போய்விடுவான், போவதற்கு அவனுக்கு ஓர் ஊர் உண்டு. 1947இல் வந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. 1951ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்பின்போது, இவ்வாறு இடம் பெயர்ந்து வந்தவர்கள் சுமார் 73 லட்சம் பேர் எனத் தெரிய வந்தது. டில்லியின் மக்கள் தொகை 1941இல் ஏறக்குறைய 9 லட்சத்து 18 ஆயிரம். 1951இல் 17 லட்சத்து 44 ஆயிரம். பத்தாண்டுகளில் ஒரு நகரம் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது.

1947 செப்டம்பரிலேயே மத்திய அரசாங்கத்தில் நிவாரண, புனர்வாழ்வு அமைச்சரகம் தோன்றியது. கே. சி. நியோகி அதன் முதல் அமைச்சர். அமைச்சரகம் தோன்றிய வேளையில் கட்டடமும் இல்லை, சரக்கும் இல்லை. இராணுவத்திடம் கூடாரங்கள் இருந்தன. ஆகவே முகாம்களை அமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் இராணுவத்தின் மீதே விழுந்தது. குருக்ஷேத்திர முகாம் ஒரு லட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்டது. வந்து குவிந்தவர்களோ அதைப் போல் மூன்று மடங்கு. அவர்களுக்கு நாளொன்றுக்கு நூறு டன் மாவு வேண்டியிருந்தது. உப்பும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் வேறு. அத்தனையும் அரசாங்கத்தின் செலவு. நாடு முழுவதிலும் அந்த ஆண்டின் இறுதியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு முகாம்களில் இருந்தனர்.

டில்லியில் பழைய கோட்டைக்கும் ஹுமாயூன் சமாதித் தோட்டத்துக்கும் ஒரு விசித்திரமான பங்கு கிடைத்தது. முதலில் அங்கே தஞ்சம் புகுந்தவர்கள் டில்லி நகரத்து முஸ்லிம்கள். பாகிஸ்தான் செல்லும் வண்டிக்காக அவர்கள் அங்கே காத்திருந்தார்கள். அவர்கள் போன பின் அதே பழைய கோட்டை மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்கு இடம் தந்தது. அந்தக் கல் மதில்களுக்கு இரண்டு கூட்டத்தாரின் அழுகையும் ஒன்றாகவே கேட்டிருக்கும்.

முகாமில் சோறு போடுவது செலவான காரியமே தவிர, சிக்கலான காரியமன்று. சிக்கல் ஆறு மாதம் கழித்துத் தொடங்கும். இலவச உணவை நிறுத்தினால் கொடுமை. நிறுத்தாவிட்டால் முகாம் நிலைத்துவிடும். உடல் வலுவுள்ளவர்களுக்கு இலவச உணவு தருவதைப் படிப்படியாகக் குறைப்பது என அரசாங்கம் முடிவு செய்தது. முகாமில் இருப்போரும் சும்மா இருக்க விரும்பியவர்கள் அல்லர். லாகூரில் கடை வைத்திருந்தவனுக்கும் லயால்பூரில் கோதுமை விளைத்தவனுக்கும் கியூவில் நின்று மாவு வாங்குவது கூச்சமாகவே இருந்தது. முகாம்களின் துப்புரவையும் வேலைகளையும் அங்கே இருப்பவர்களே மேற்கொள்ள வேண்டும் என்று காந்தியடிகள் தம் பிரார்த்தனைக் கூட்டங்களில் பலமுறை வற்புறுத்தியதன் கருத்தும் இதுவே.

உழவர்களின் விஷயம் ஒருவாறு விரைவில் தீர்ந்தது. கிழக்குப் பஞ்சாபை விட்டு முஸ்லிம்கள் போனபோது விட்டுச் சென்ற நிலம் இருந்தது. ஆனால் அது இந்துக்களும் சீக்கியர்களும் மேற்கே விட்டு வந்த நிலத்தைவிடக் குறைவு: அங்கே விட்டது 67 லட்சம் ஏக்கர், இங்கே கிடைத்தது 47 லட்சம் ஏக்கர். சர்தார் தர்லோக் சிங் என்ற அதிகாரி இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். மண்ணின் வளத்தை விளைச்சலால் அளந்து ‘நிர்ணய ஏக்கர்’ என ஓர் அளவை ஏற்படுத்தினார். பிறகு படிப்படியான வெட்டு: சிறு நிலக்காரருக்கு நூற்றுக்கு 25 குறைவு, ஐந்நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவருக்கு நூற்றுக்கு 95 குறைவு. பெரிய நிலப்பிரபுக்கள் கசந்துகொண்டார்கள். ஆயினும் பொதுவாக அந்தக் கணக்கு நியாயமானது என்றே ஏற்கப்பட்டது. 1949 நவம்பருக்குள் இரண்டரை லட்சம் உரிமைச் சீட்டுகள் வழங்கப்பட்டுவிட்டன. இன்று பஞ்சாபின் கோதுமைக் களஞ்சியத்தைப் புகழ்கிறவர்கள் அந்தக் கணக்கேட்டையும் ஒரு முறை நினைக்கலாம்.

நகரத்து மக்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு வேண்டியது வீடும் தொழிலும். இவற்றுள் எதை முதலில் கொடுப்பது? இக்கேள்விக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விடைகள் பிறந்தன. அவற்றுள் பரீதாபாத்தின் கதையை நாம் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

வடமேற்கு எல்லை மாகாணத்தின் பன்னு, தேரா இஸ்மாயில் கான், கோஹாட், பெஷாவர் ஆகிய ஊர்களிலிருந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் முப்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே கூட்டமாக இருந்தார்கள். அவர்களை இராஜபுதனத்துக்கு அனுப்பலாம் என அதிகாரிகள் எண்ணினார்கள். அவர்களோ போக மறுத்தார்கள், சிதறவும் மறுத்தார்கள். எல்லைக் காந்தியின் இயக்கத்தில் பழகியவர்கள் அவர்களிடையே இருந்தமையால், சத்தியாக்கிரகம் அவர்களுக்குப் புதிதன்று. டில்லிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முடிவில், தலைநகருக்குத் தெற்கே பரீதாபாத்தில் அவர்களுக்காக ஒரு புதிய நகரம் எழுப்புவது என 1949இல் தீர்மானமாயிற்று. அதற்கென அமைந்த வளர்ச்சிக் குழுவுக்கு டாக்டர் இராஜேந்திர பிரசாத் தலைவர். சுதிர் கோஷ் தலைமை நிர்வாகி. பிரதமர் நேரு அக்குழுவின் பெரும்பாலான கூட்டங்களில் தாமே வந்து அமர்ந்தார். ஒரு சிற்றூரின் செங்கல் கணக்கைக் கேட்க ஒரு பிரதமருக்கு அந்நாளில் நேரம் இருந்தது!

வீடுகளை யார் கட்டுவது என்ற கேள்வி எழுந்தது. அரசாங்கப் பொறியாளர்களின் வழக்கம் காண்டிராக்டரிடம் விடுவது. ஸ்ரீமதி கமலாதேவி சட்டோபாத்யாயா 1948இல் தொடங்கிய இந்தியக் கூட்டுறவுச் சங்கத்தார் மாற்று யோசனை கூறினார்கள். டில்லியின் கிங்ஸ்வே முகாமில் ஒரு பகுதியின் பொறுப்பை ஏற்று நடத்திப் பழகிய லட்சுமி சந்த் ஜெயின் என்ற இளைஞர் அவர்களில் முக்கியமானவர். அவர்களுடைய யோசனை இதுதான்: வீடு யாருக்கோ, அவர்களே அதைக் கட்டட்டும், கூலியும் அவர்களுக்கே போகட்டும். வணிகமே செய்து பழகிய இவர்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்று பொறியாளர்கள் ஐயுற்றார்கள். நேரு கூட்டுறவுக்காரர்களின் பக்கம் நின்றார். தொழிலாளர் கூட்டுறவுகள் அமைந்தன. தராசு பிடித்த கைகள் செங்கல் சுமந்தன.

இதில் உள்ள பொருளாதாரத்தை நாம் கவனிக்க வேண்டும். அரசாங்கம் முன்பு இரண்டு செலவு செய்துகொண்டிருந்தது: முகாமில் இருப்போருக்குச் சோற்றுச் செலவு ஒன்று, வீடு கட்டும் காண்டிராக்டருக்குக் கொடுக்கும் செலவு மற்றொன்று. பரீதாபாத்தில் அந்த இரண்டும் ஒன்றாயின. வீட்டுக்காகச் செலவான ரூபாயே கூலியாகி, அந்தக் கூலியே சோறாயிற்று. இலவச உணவை நிறுத்தச் சட்டம் தேவைப்படவில்லை. கூலி வந்ததும் அது தானே தேவையற்றுப் போயிற்று. கல்கத்தாவில் கிடந்த ஒரு பழைய டீசல் மின் நிலையம், ஜெர்மனியிடமிருந்து போர் ஈட்டுத் தொகையாக வந்தது, இந்நகருக்குக் கொண்டுவரப்பட்டது. மின்சாரம் வந்ததும் ஆலைகள் வந்தன. பாட்டா செருப்புத் தொழிற்சாலை முற்பட வந்தவற்றுள் ஒன்று. பிள்ளைகளின் கல்விக்குச் சேவாகிராமத்திலிருந்து ஆஷாதேவி ஆர்யநாயகம் துணை செய்தார். அவருடைய கணவர் ஆர்யநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பரீதாபாத் தவறே இல்லாத வெற்றி என்று முடித்தால் அது உண்மையாகாது. கட்டுமான வேலை முடிந்ததும் அதன் கூலியும் முடிந்தது. அனைவருக்கும் வேலை தரும் அளவுக்கு ஆலைகள் அதற்குள் வந்துவிடவில்லை. வளர்ச்சிக் குழுவுக்கு இருந்த உரிமைகளும் நீடிக்கவில்லை; சில ஆண்டுகளில் நிர்வாகம் அமைச்சரகத்தின் கைக்குச் சென்றது, கூட்டுறவுகள் நலிந்தன. ஜெயின் பிற்காலத்தில் இது குறித்து ஒரு நூலே எழுதினார். அதன் பெயரில் நம்பிக்கை இருக்கிறது. பக்கங்களில் வருத்தமும் இருக்கிறது.

குருக்ஷேத்திர முகாமிலேயே தொழிற்பயிற்சியைத் தொடங்கிய எஸ். கே. தே என்ற பொறியாளர், 1948இல் சில ஆயிரம் பேருடன் நெடுஞ்சாலையோரச் சதுப்பு நிலம் ஒன்றுக்குச் சென்று நீலோகேரியை எழுப்பினார். அங்கும் வேலைதான் முதல், வீடு அதன் பின். அந்த அனுபவம் வீண் போகவில்லை. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு அவரே பொறுப்பாளரானார்.

சிந்திகளின் கதையில் பணம் வந்த வழி வேறு. கட்ச் மகாராவ் பதினையாயிரம் ஏக்கர் நிலம் அளித்தார். பாய் பிரதாப் என்ற வணிகர் முன்னின்று, 1948இல் சிந்து மறுகுடியேற்றக் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி உருவாயிற்று. அகதிகளே அதன் பங்குகளை வாங்கினார்கள். அவ்வாறு எழுந்ததுதான் காந்திதாம். பக்கத்தில் காண்ட்லா துறைமுகம் வந்தமையால் பிழைப்புக்கும் வழி பிறந்தது. பம்பாய்க்கு அருகே கல்யாணில் போர்க் காலத்து இராணுவக் கொட்டகைகள் காலியாய்க் கிடந்தன. சிந்திகள் அவற்றில் குடியேற்றப்பட்டார்கள். 1949 ஆகஸ்ட் 8ஆம் நாள் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜி அவ்விடத்துக்கு உல்லாஸ் நகர் என்று பெயரிட்டார். ஒரு கொட்டகையைத் தட்டியால் மறைத்து நாலு குடும்பம் இருந்த இடத்துக்கு உல்லாசம் என்று பெயர் வைத்ததில் மூதறிஞரின் நகைச்சுவை ஏதும் இருந்ததா என்று நாம் அறியோம். ஆனால் அந்தக் கொட்டகைகளுக்குள்ளேயே சிறு தொழில்கள் முளைத்து, பெயர் பின்னாளில் ஒருவாறு பொருந்தியது.

மேற்கிலிருந்து வந்தோருக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருந்தது. இழந்த சொத்துகளை அவர்கள் பதிவு செய்ய 1950இல் ஒரு சட்டம் வந்தது. 1954இல் நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேறியது. முஸ்லிம்கள் விட்டுச் சென்ற சொத்துகளும், அரசாங்கம் கட்டிய வீடுகளும், ரொக்கமும் ஒரே நிதியாகத் திரட்டப்பட்டு, சரிபார்த்த கோரிக்கைகளுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டன. குடியிருந்த அரசாங்க வீட்டின் விலையைத் தனக்கு வர வேண்டிய நஷ்ட ஈட்டில் கழித்துக்கொண்டு, வாடகைக்காரன் வீட்டுக்காரன் ஆகலாம். டில்லியின் லாஜ்பத் நகரும் இராஜேந்திர நகரும் பட்டேல் நகரும் இவ்வாறு காலூன்றியவர்களின் ஊர்கள். சொத்தே இல்லாதிருந்த ஏழைக்கு இதில் கிடைத்தது சொற்பம் என்பதையும் சொல்ல வேண்டும். இழந்ததற்குத்தான் ஈடு, இல்லாததற்கு ஈடு எது? ஆணின் துணையற்று வந்த பெண்களுக்காக ஜலந்தரில் காந்தி வனிதா ஆசிரமமும் டில்லியில் கஸ்தூர்பா நிகேதனும் நடந்தன. அங்கே தையலும் கல்வியும் கற்றுத் தம் காலில் நின்றவர்கள் பலர்.

கிழக்கே திரும்பினால் படம் மாறுகிறது. மேற்கிலிருந்து மக்கள் ஒரே அலையாக வந்து முடிந்தார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்தோ 1950, 1952, 1956, 1964 என்று அலை மேல் அலை வந்துகொண்டேயிருந்தது. வந்தவர்கள் திரும்பிப் போவார்கள் என்ற எண்ணத்தில் 1950 ஏப்ரல் 8ஆம் நாள் நேருவும் லியாகத் அலி கானும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். எல்லைக்கு அப்பால் அவர்களுடைய சொத்துரிமை நிலைத்திருக்கும் என்பது அதன் கருத்து. உரிமை அங்கே இருப்பதாகக் கொண்டதால் இங்கே நஷ்ட ஈடு இல்லை. போனவர்கள் திரும்பவில்லை, சொத்தும் திரும்பவில்லை. மேற்கே புனர்வாழ்வு என்றால் கிழக்கே நிவாரணம்; அங்கே வீடு, இங்கே படித்தொகை. இந்த வேற்றுமையை நாம் நியாயம் என்று சொல்ல இயலாது.

சியால்டா இரயில் நிலையத்தின் மேடைகளிலேயே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. பொறுமையிழந்தவர்கள் கல்கத்தாவின் தெற்கே காலி நிலங்களை இரவோடிரவாகப் பிடித்துக் குடிசை போட்டார்கள். ஜாதவ்பூரில் கைவிடப்பட்ட இராணுவ முகாமில் எழுந்த குடியேற்றத்துக்கு விஜயகட் என்றே பெயர் சூட்டினார்கள். 1950 இறுதிக்குள் எழுந்த இத்தகைய குடியேற்றங்களுள் 149ஐ அரசாங்கம் பிற்பாடு அங்கீகரித்தது. தெருவை அளந்தவர்களும் பள்ளிக்கூடம் தொடங்கியவர்களும் அந்த மக்களே. உரிமைப் பத்திரம் கைக்கு வரத்தான் பல பத்தாண்டுகள் சென்றன.

முகாம்களில் தங்கியவர்களின் விதி இன்னும் கடினம். முதியவர், நோயாளர், ஆதரவற்ற பெண்கள் ஆகியோர் ‘நிரந்தரப் பொறுப்பு’ என்று ஏட்டில் வகுக்கப்பட்டார்கள். மனிதரைப் பொறுப்பு என்று எழுதிய பேனாவை நாம் என்னவென்பது! 1958 மார்ச் 31க்குப் பின் வந்தவர்களுக்கு மறுவாழ்வு உதவி இல்லை என்றும் அரசாங்கம் கோடு கிழித்தது. எஞ்சிய உழவர்களுக்கென 1958இல் தண்டகாரண்யத் திட்டம் தொடங்கியது. இராய்ப்பூருக்கு அருகே மானா இடைத்தங்கல் முகாமாயிற்று. அங்கிருந்து பஸ்தர், கோராபுட் காடுகளுக்கு. நீரிலும் நெல்லிலும் வளர்ந்தவர்கள் கல்லிலும் வறட்சியிலும் நின்றார்கள். 1978இல் பல்லாயிரம் பேர் அவற்றை விட்டுப் புறப்பட்டுச் சுந்தரவனத்தின் மரீச்ஜாப்பித் தீவில் தாமாகவே ஊர் அமைத்தார்கள். 1979இல் அரசாங்கம் தீவை முற்றுகையிட்டு மே மாதத்தில் அவர்களை வெளியேற்றியது. மாண்டவர் தொகையைப் பற்றி இன்றும் ஒத்த கருத்தில்லை.

இடைக்கால முகாம் சொல்லுக்கேற்ப இடைக்காலமாகவே முடிந்ததும் உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்தார்கள். நாடு விடுதலை பெற்றதும் மிகப் பெரும்பாலோர் 1972இல் திரும்பினார்கள். போவதற்கு அவர்களுக்கு ஊர் இருந்தது. சத்திரத்துக் கணக்கு அங்கே பொருந்தியது. அந்தச் செலவில் நமக்கும் பங்குண்டு. 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் இறுதிவரை கடிதங்களில் ஐந்து பைசா அகதி நிவாரணத் தபால் தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்சிக்குக் கடிதம் போட்டவரும், தாம் அறியாமலே, வங்க எல்லையில் ஒரு கைப்பிடி அரிசி போட்டார்.

நம் மண்டபம் முகாமையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரை நிறுத்திச் சோதித்து அனுப்ப ஏற்பட்ட இடம் அது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்த அத்தோட்ட மக்களின் வழித்தங்கலும் அதுவே ஆயிற்று. 1983க்குப் பின் போருக்கு அஞ்சி வந்த ஈழத் தமிழர்களுக்கும் அதே இடம். முகாமில் பிறந்து முகாமில் மணந்து முகாமில் பேரப்பிள்ளை கண்டவர்கள் தமிழகத்தில் இருக்கிறார்கள். 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது.

வங்காளத்தில் நதியா மாவட்டத்து இராணாகட்டுக்கு அருகே கூப்பர்ஸ் முகாம் இருக்கிறது. உலகப் போரின்போது படையினருக்காக எழுந்த கொட்டகைகள் அவை. பிரிவினைக்குப் பின் அகதிகள் அங்கே இறக்கப்பட்டார்கள், சில மாதத்துக்கு என்று. 1997இல் அவ்விடம் ஒரு சிறு நகராட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தெருக்களும் வார்டுகளும் தேர்தலும் வந்துவிட்டன. அரசாங்க ஏட்டில் அந்நகரத்தின் பெயர் இன்றும் கூப்பர்ஸ் கேம்ப் என்பதே.